கூலன்ட் தேர்வுக் குழு

எங்கள் மாவட்டத்தை ஆளும் அதிகாரியான அக்கிமின் அலுவலகத்தில் ஒரு வேலை நடக்கக் கூடாது என்றால் யாரும் அதைத் தடுக்க மாட்டார்கள். அதற்கு ஒரு குழு போடுவார்கள். எதிரியின் மேல் எனக்குக் கோபம் வந்தால், அவனுடைய விஷயத்தைக் கவனிக்க எங்கள் அலுவலகம் ஒரு குழு அமைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சபிக்க எனக்கு மனம் வராது.

நான் அந்த அலுவலகத்தின் கார் ஓட்டுநர். பெயர் குவாந்திக். அக்கிம்கள் வருவார்கள், போவார்கள், சிலரைக் கூட்டிப்போக வேறு வண்டி வரும். போன இலையுதிர்காலத்தில் எங்கள் பழைய அக்கிமை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். புது அக்கிம் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், ஆலோசனைக்காகத் தலைநகருக்குப் போனார். போனவர் போனவர்தான். அவர் விட்டுப்போனது அலுவலகத் தலைவர் மாக்சத் தோலெகெனோவிச்சை மட்டும்.

கண்முன் இல்லாத எஜமானைக் குஷிப்படுத்துவது சுலபமான காரியமல்ல. மாக்சத் தோலெகெனோவிச் யோசித்துப் பார்த்து, பழைய அக்கிமின் சுவடே இல்லாமல் துடைத்துவிடக் கிளம்பினார். கம்பளம் போனது. தேநீர்க் கிண்ணங்கள் போயின. வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டி, மீன்களோடு, கால்நடைத் துறைக்கு அனுப்பப்பட்டது. கடைசியில் அவர் என் கொட்டகைக்கு வந்தார். அங்கே கறுப்பு நிறத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைவிட விலை அதிகமான ஜெர்மன் கார் நின்றது.

"குவாந்திக், இந்தக் காருக்குள்ள பழைய தலைமையோடது என்னென்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லங்க ஐயா. சீட்டுக்கு அடியில ஒரு சீப்பு கெடந்துச்சு. அதையும் விசாரணைக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் நம்பவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே குனிந்து பார்த்தவர், கூலன்ட் இருக்கும் வெள்ளை டப்பாவின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன, பச்சையா?"

"கூலன்ட் ஐயா. எஞ்சின் கொதிக்காம, குளிர்ல உறையாம பாத்துக்கும்."

"யாரு காலத்துல ஊத்துனது?"

"பழைய அக்கிம் காலத்துல."

"அவருக்குப் பச்சைன்னா ரொம்பப் பிடிக்குமோ?"

"பச்சையில அவருக்குப் பிடிச்சது அமெரிக்க நோட்டுங்க ஐயா. அதுக்காகத்தானே கூட்டிட்டுப் போனாங்க."

அன்று மாலைக்குள் பச்சைக் கூலன்ட் முழுவதும் வடிக்கப்பட்டது. புதிதாக எந்தக் கூலன்ட் ஊற்றுவது என்று ஒரு குழு தேர்வு செய்யும் என்று உத்தரவு வந்தது. அதுவரை தற்காலிகமாகச் சாதாரணத் தண்ணீர். குழுவை மீறி யாரும் எதையும் ஊற்றிவிடக் கூடாது, வடித்துவிடவும் கூடாது என்பதற்காக, மேலே ஊற்றும் மூடிக்கும் அடியில் வடிக்கும் திருகுக்கும் நூல் சுற்றி, அரக்கு வைத்து, அலுவலக முத்திரை குத்தினார்கள். அப்போது வெயில் காய்ந்துகொண்டிருந்தது, கொட்டகையில் ஈ மொய்த்தது. நானும் தலையாட்டினேன்.

குழு கூடுவதற்குள் முதல் பனி விழுந்துவிட்டது.

எங்கள் ஸ்தெப்பிப் புல்வெளியில் குளிர்காலத்தில் தண்ணீரை நம்பி எஞ்சினை விட்டால், தண்ணீர் உறையும், உறைந்தது பருக்கும், பருத்தது இரும்பைப் பிளக்கும். இது எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும், அக்கிமுக்கும் தெரியும். ஆகவே நான் கொட்டகையிலேயே குடியேறினேன். காரைக் கிளப்பிச் சூடாக்குவேன், அணைப்பேன், கொஞ்சம் கண்ணயர்வேன், மறுபடி கிளப்புவேன். கொட்டகைக்கு வெப்பக் குழாய் உண்டு. ஆனால் அது வேறொரு துறையின் கீழ் வருகிறது. அந்தத் துறையும் ஒரு குழு போட்டிருந்தது. எனக்குப் பதிலாக இன்னொருவர் உட்காரலாம் என்றால், காருக்குப் பொறுப்பு நபர் என்று என் பெயர்தான் இருந்தது. இன்னொரு ஓட்டுநர் அக்கிமோடு தலைநகரில் ஆலோசனையில் இருந்தார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை என் ஒரே மகள் குன்சுலுவை வழியனுப்பும் விருந்து. எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார் விருந்து வைத்து, பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுது, மாப்பிள்ளை வீட்டு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். விருந்து எங்கள் கிராமமான கோக்தாலில். நான் இங்கே ஒரு டப்பா தண்ணீருக்குக் காவல்.

என் மனைவி பிபிசாரா நாள் தவறாமல் போன் செய்வாள்.

"என்ன, உங்க தண்ணிக்கு உடம்பு தேவலையா?"

"கிண்டல் பண்ணாத பிபிசாரா. குழு இந்த வாரம் முடிவு பண்ணிடும்."

"குழு முடிவு பண்ணட்டும். நான் சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்லட்டும்? பொண்ணோட அப்பன் செத்துட்டாருன்னா மரியாதையா இருக்கும். ரேடியேட்டரைப் பாத்துக்கிட்டிருக்காருன்னா சிரிக்க மாட்டாங்களா?"

எஞ்சினைக் கிளப்பினேன், அந்தச் சத்தத்தில் அவள் பேசியது கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

குழுவின் முதல் கூட்டத்தில் நான் பொறுப்பு நபர் என்ற முறையில் கதவோரம் நின்றேன். மாக்சத் தோலெகெனோவிச் தலைவர். கொள்முதல் பிரிவிலிருந்து குல்பார்ஷின் அம்மாள். உள்நாட்டுக் கொள்கைப் பிரிவிலிருந்து தூர்சின் என்ற இளம் அதிகாரி. கழுத்துப்பட்டை எப்போதும் இறுக்கமாகவே இருக்கும் அவருக்கு, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மக்களுக்கே எடுத்துச் சொல்வதுதான் வேலை. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் விக்டர் பாவ்லோவிச்சை நிபுணர் என்று அழைத்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில், மூத்தோர் மன்றத்தின் சார்பாக, ஓராஸ்காலி பெரியவர். வயது எண்பதுக்கு மேல், காது மந்தம், மரியாதையாக எல்லோரும் ஓரெக்கே என்று கூப்பிடுவார்கள். மூத்தோர் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் குழுவும் செல்லாது.

மேசைமேல் நான்கு டப்பாக்கள் இருந்தன. பச்சை, சிவப்பு, நீலம், ஊதா.

தூர்சின் எழுந்தார். "பச்சை போன தலைமையோட நிறம். அதை இந்த அறைக்குள்ள கொண்டுவந்ததே தப்பு. சிவப்பு ஊத்தினோம்னா, செத்துப்போன சோவியத்துக்கு ஏங்குறாங்கன்னு பேசுவாங்க. நீலம் நம்ம கொடியோட நிறம். கொடியோட நிறத்தை எஞ்சினுக்குள்ள போட்டுக் கொதிக்க வைக்கலாமா? ஊதா யாரோட நிறம்னே தெரியல. யாரோடதுன்னு தெரியாததுதான் ரொம்ப ஆபத்து."

"நீலம் வேணாம்," என்றார் குல்பார்ஷின் அம்மாள். "எங்க மாமனாரு ஓட்ட ருஷ்ய வண்டியில அதைத்தான் ஊத்துறாரு. அக்கிமும் எங்க மாமனாரும் ஒண்ணா?"

விக்டர் பாவ்லோவிச் கையைத் தூக்கினார். "ஐயா, நிறம் வெறும் சாயம். தொழிற்சாலையில கலக்குறது. ஒரே சரக்குக்கு ஒருத்தன் சிவப்புப் போடுவான், இன்னொருத்தன் பச்சை போடுவான். கார் புத்தகத்துல ஒரு எண் போட்டிருக்கு. அந்த எண் இருக்கிற டப்பாவா பாத்து வாங்கி ஊத்துங்க. முடிஞ்சுபோச்சு."

மாக்சத் தோலெகெனோவிச் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நம்ம கொடியில இருக்கிறதும் வெறும் சாயம்தானா, விக்டர் பாவ்லோவிச்?"

அறை அமைதியானது. விக்டர் பாவ்லோவிச்சின் காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

இங்கே ஒரு விஷயம். எங்கள் வழக்கத்தில் பேச்சு முடிந்து அமைதி விழுந்தால், இருப்பவர்களில் மூத்தவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஆசி சொல்வார். எல்லோரும் ஆமின் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அதோடு எழுந்துவிட வேண்டும். ஆசிக்குப் பிறகு பேச்சு கிடையாது, பேசினால் ஆசி முறியும். காது மந்தமான ஓரெக்கேக்கு யார் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. ஆனால் உதடுகள் நின்றுவிட்டன என்பது தெரிந்தது. அவர் உள்ளங்கைகளை விரித்தார்.

"பந்தி நெறஞ்சிருக்கட்டும், ஆடு பெருகட்டும், வந்தவங்க நல்லபடியா வீடு போய்ச் சேரட்டும். ஆமின்."

எல்லோர் கைகளும் தாமாகவே முகத்துக்குப் போயின. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முதல் கூட்டம் முடிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் குல்பார்ஷின் அம்மாள் விதிமுறையோடு வந்தார். எங்கள் அலுவலகத்தில் திரவங்களை வாங்க ஒரே ஒரு விதிமுறைதான் உண்டு. அது குழந்தைகள் காப்பகத்துக்குப் பாலும் பழச்சாறும் வாங்க எழுதியது. கூலன்டும் திரவம்தான் என்பதால் அதன்படியே நடக்க வேண்டும் என்றார். மாதிரிகளைக் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், முகர வேண்டும், பிறகு ருசி பார்க்க வேண்டும்.

"யாரு ருசி பாக்குறது?" என்றார் மாக்சத் தோலெகெனோவிச்.

"பொறுப்பு நபர்."

ஓரெக்கே தவிர மற்ற நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, இது விஷம்," என்றேன். "குடிச்சா செத்துப்போவேன்."

"ஒரு சொட்டு."

"ஒரு சொட்டும் வேணாம்மா. சனிக்கிழமை எனக்குப் பொண்ணு வழியனுப்பு இருக்கு."

"நீ எதுக்கு இவ்வளவு பயப்படுற?" என்றார் குல்பார்ஷின் அம்மாள், உண்மையாகவே மனம் நொந்து. "காப்பகத்துக்கு வாங்குன பால்ல நான் இதுவரைக்கும் ஒரு வாய் குடிச்சதில்ல. ருசி அருமைன்னு எத்தனை வருஷமா கையெழுத்துப் போடுறேன். விதிமுறைன்னா ருசி பாக்கணும்னு இல்லப்பா. ருசி பாத்த மாதிரி நிக்கணும். நான் மட்டும் நெசமாவே குடிச்சுப் பாத்திருந்தா, இந்த ஊர்ல ஒரு கொழந்தைக்கும் பால் கெடைச்சிருக்காது."

தூர்சின் இதை மிகவும் பாராட்டினார். விதிமுறையின் ஆன்மாவை இவ்வளவு எளிமையாக யாரும் விளக்கியதில்லை என்றார். இந்தப் பாராட்டு நடந்துகொண்டிருக்கும்போது, எதிரில் சிவப்பாக ஒரு கிண்ணம் இருப்பதைக் கண்ட ஓரெக்கே, அதை உலர்பழச் சாறு என்று எண்ணி எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். நான் மேசை மேலேயே பாய்ந்தேன். கிண்ணம் பறந்தது, சிவப்புக் கூலன்ட் தூர்சினின் சட்டையெல்லாம் வழிந்தது. ஒரு பெரியவர் கையிலிருந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டவனை அந்த அறை அதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் வாயடைத்துப் போனார்கள்.

வாயடைத்ததுதான் தப்பு. ஓரெக்கே உள்ளங்கைகளை விரித்தார்.

இரண்டாவது கூட்டமும் முடிந்தது. "ருசி: உறுப்பினர்கள் தயங்கியதால் தீர்மானிக்கப்படவில்லை" என்று பதிவானது.

வியாழக்கிழமை நான் மாக்சத் தோலெகெனோவிச்சின் அறைக்குப் போனேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுங்க. இல்லன்னா அந்தத் தண்ணியையாவது வடிக்க உத்தரவு குடுங்க. வெறும் எஞ்சின் உறையாது. நான் போயிட்டு வந்து மறுபடி ஊத்திடுறேன்."

"வடிச்சா கார் ஓடுமா?"

"ஓடாதுங்க."

"அப்போ அக்கிம் திடீர்னு கார் கேட்டா?"

"அக்கிம் தலைநகர்ல இருக்காருங்களே ஐயா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "குவாந்திக், நீ நல்ல ஓட்டுநர். ஆனா நிர்வாகம் உனக்குப் புரியாது. அக்கிம் இங்க இருந்தாருன்னா கார் ரெடியா இல்லன்னாலும் பரவால்ல, அவரே பாத்துப் புரிஞ்சுக்குவாரு, நடந்துகூடப் போவாரு. அவரு இல்லாதபோதுதான் கார் எப்பவும் ரெடியா இருக்கணும். நான் இந்த நாற்காலியில இத்தனை காலம் உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் எந்த முடிவும் எடுத்ததில்ல. முடிவு எடுத்தவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு உனக்கே தெரியும். நீதான் அவங்களுக்குக் கார் ஓட்டினே."

நான் வெளியே வந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. மகளுக்காக அழுதேனா, அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றிவிட்டதற்காக அழுதேனா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கூட்டம். இந்த முறை மாக்சத் தோலெகெனோவிச் தந்திரத்தோடு வந்திருந்தார். முடிவு எடுக்கும்வரை அறையில் அமைதியே விழக் கூடாது. ஒருவர் நிறுத்தும் முன் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். இடைவெளி வந்தால் விக்டர் பாவ்லோவிச் இரும வேண்டும். நிபுணரின் உதவியை அலுவலகம் கேட்டுக்கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

தூர்சின் ஸ்தெப்பியில் தண்ணீரின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். அவர் மூச்சு வாங்கும்போது குல்பார்ஷின் அம்மாள் விலைப்பட்டியலை உரக்கப் படித்தார். அவர் பக்கம் புரட்டும்போது விக்டர் பாவ்லோவிச் இருமினார். ஓரெக்கே ஆளாளுக்கு அசையும் உதடுகளைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே காலை போய் மதியம் வந்தது. கடைசியில் வாக்கெடுப்பு என்று வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வாக்களிக்க வேண்டுமானால் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். கைகள் மேலே போவதைப் பார்த்தால் ஓரெக்கே சும்மா இருப்பாரா? இதை எப்படித் தவிர்ப்பது என்று விவாதிக்க ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று தூர்சின் கேட்டார். விக்டர் பாவ்லோவிச்சுக்கு இதற்குள் நிஜமாகவே இருமல் பிடித்துவிட்டது.

நான் கதவோரம் நின்றவன். நாளைக்கு இந்நேரம் என் மகள் கோக்தாலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நான் நேரில் போகத்தான் முடியாது, ஒரு பெரியவரின் ஆசியையாவது போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். வேறு யோசனை எனக்கு இல்லை, சத்தியமாக. மேசையைச் சுற்றிப்போய் ஓரெக்கேயின் பக்கத்தில் மண்டியிட்டு அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினேன்.

"பெரியவரே, நாளைக்கு என் பொண்ணு வழியனுப்பு. ஒரு ஆசி குடுங்க."

"யாரு பொண்ணு?"

"என் பொண்ணு. குன்சுலு."

"எந்த ஊருல?"

"கோக்தால்."

"கோக்தாலா," என்றார் அவர், முகம் மலர்ந்து. "அங்க ஆட்டுக்கு வால்ல நல்ல கொழுப்பு இருக்கும்." உள்ளங்கைகளை விரித்தார். குழுவின் கைகள் எல்லாம், தூர்சினின் கையில் இருந்த பேனா உட்பட, உடனே விரிந்தன.

"பொண்ணு போற வீடு நல்ல வீடா இருக்கட்டும். அவ கையால ஊத்துற டீயைக் குடிச்சு மாமியாக்காரி வாயத் தொறக்காம கெடக்கட்டும். நாளைக்கு அப்பன் பொண்ணு பக்கத்துல நிக்கட்டும். அவன் வண்டி வழியில நிக்காம போகட்டும். இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அந்த விருந்துல வயிறு முட்டச் சாப்பிட்டு சந்தோசமா இருக்கட்டும். ஆமின்."

"ஆமின்," என்றது குழு, ஒரே குரலில்.

முகத்தைத் துடைத்து முடித்த பிறகுதான் மாக்சத் தோலெகெனோவிச்சுக்கு உறைத்தது. "ஒரு நிமிஷம். நாம இப்ப எதுக்கு ஆமின் சொன்னோம்?"

"கோக்தாலுக்குப் போறதுக்கு," என்றார் தூர்சின் மெல்லிய குரலில். "மறுக்க முடியாதுங்க. ஆசியை முறிச்சா பாரம்பரியத்தை அவமதிச்ச மாதிரி. பாரம்பரியத்தைக் காப்பாத்துறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"அத்தனை பேரும்னு சொன்னாரு," என்றார் குல்பார்ஷின் அம்மாள். "வயிறு முட்டன்னும் சொன்னாரு. நான் கவனிச்சேன்."

இந்தக் குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்ட முதல் தீர்மானம் அதுதான். மாக்சத் தோலெகெனோவிச் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதற்கு ஒரு பெயர் கண்டுபிடித்தார்: குளிர்காலச் சூழலில் தற்காலிகத் திரவத்தின் களச் சோதனை. விக்டர் பாவ்லோவிச் மட்டும் வரவில்லை. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது என்றார். சனிக்கிழமை அந்தக் கல்லூரியில் நாய்கூட இருக்காது. ஆனால் யாரும் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை குழுவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஓடுகிற எஞ்சினில் தண்ணீர் உறையாது, கார் தேனாகப் போனது. ஓரெக்கே முன்சீட்டில் தூங்கினார். பின்சீட்டில் மூவரும் அந்தத் தோல் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். தாங்கள் இத்தனை நாள் விவாதித்த காரில் அவர்கள் உட்கார்வது அதுவே முதல் தடவை.

பிபிசாரா வாசலுக்கு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது. பின்னால் இறங்கியவர்களைப் பார்த்ததும் வற்றிவிட்டது.

"யாரு இவங்கல்லாம்?"

"குழு."

"எத்தனை ஆடு சாப்பிடுவாங்க?"

நான் மாக்சத் தோலெகெனோவிச்சிடம் தனியாகச் சொன்னேன், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அணைந்தால் இந்தக் குளிரில் மதியத்துக்குள் கதை முடிந்துவிடும் என்று. "அப்போ நீ காருக்குள்ளயே உக்காந்துக்கோ," என்றார் அவர். பிபிசாரா காதில் அது விழுந்துவிட்டது.

"ஏன் ஐயா, பொண்ணைப் பெத்தவர் வண்டியில உக்காருவாரு, நீங்க அவரு எடத்துல உக்காந்து கறி தின்பீங்களா? அவரு வண்டிக்குப் போனா நீங்களும் கூடவே போங்க. தட்டை அங்கயே அனுப்புறேன், ஆறிப்போயிருக்கும், பரவால்ல."

கிராமமே பார்த்துக்கொண்டிருந்தது. மாக்சத் தோலெகெனோவிச் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவு எடுத்தார். உறுப்பினர்கள் முறைவைத்துக் காரைக் கவனிப்பார்கள் என்றார். முதல் முறை குல்பார்ஷின் அம்மாளுடையது. அவர் போனார், சீக்கிரமே கைப்பையோடு திரும்பி வந்தார், பந்தியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாருடைய முறை என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்கும் ஞாபகம் இல்லை. குன்சுலு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பிடித்துக்கொள்வதுபோல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக் கேட்டு அலுத்த காதுக்கு, அந்தக் கூச்சலும் பாட்டும் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வெந்த ஆட்டுத் தலை ஓரெக்கே முன் வைக்கப்பட்டது. தலை யார் முன் வைக்கப்படுகிறதோ அவர்தான் அதை அறுத்து ஆளுக்கு ஏற்ற பாகத்தைக் கொடுப்பார். காது எப்போதும் வீட்டுச் சிறுவர்களுக்கு, பெரியவர் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று. ஓரெக்கே நிதானமாக ஒரு காதை அறுத்தார், பந்தியைச் சுற்றிப் பார்த்தார், மாக்சத் தோலெகெனோவிச்சின் தட்டில் வைத்தார்.

"கொஞ்சம் கேளு, தம்பி," என்றார். "வாய் மட்டும் அசையுது உனக்கு."

பந்தி முழுவதும் சிரிப்பை அடக்கித் தேநீரில் முகத்தைப் புதைத்தது. மாக்சத் தோலெகெனோவிச் காதைத் தின்றார். மறுக்க முடியாது.

வெயில் சாய்ந்தபோது மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். மூச்சு விட்டால் மீசையில் ஒட்டுகிற குளிர். கறுப்புக் கார் வேலியோரம் சத்தமில்லாமல் நின்றது. அந்தச் சத்தமில்லாமையை நான்தான் முதலில் கவனித்தேன்.

மாக்சத் தோலெகெனோவிச் அடுத்துக் கவனித்தார். "யாரு எஞ்சினை நிறுத்துனது?"

குல்பார்ஷின் அம்மாள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார், சற்றுப் பெருமையாகவே. "நான்தான். ஓடுற வண்டிக்குத்தான் பெட்ரோல் விதி இருக்கு. நிக்கிற வண்டிக்குக் கெடையாது. எங்கயும் போகாம ஓடிக்கிட்டிருக்கிற எஞ்சினுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

பானெட்டைத் திறந்தார்கள். கூலன்ட் டப்பா வெடித்து, அதிலிருந்து பனிக்கட்டி பிதுங்கி நின்றது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு நீளமான விரிசல். அரக்கு முத்திரைகள் இரண்டும் கொஞ்சமும் சேதமில்லாமல் இருந்தன.

அத்தைமார் குன்சுலுவை வேனை நோக்கி நடத்திக்கொண்டு வந்தார்கள். அவள் என் கையை விடவில்லை.

"குவாந்திக்," என்று கத்தினார் மாக்சத் தோலெகெனோவிச். "இங்க வா. உடனே வா. பொண்ணு கொஞ்சம் நிக்கட்டும்."

எனக்குள் அத்தனை நாளாக இருந்த பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. "அந்தக் கார் திங்கக்கிழமையும் இங்கயேதாங்க ஐயா நிக்கும்," என்றேன். "என் பொண்ணு நிக்க மாட்டா."

அவர் வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் தூர்சின் பனிக்கட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தொட்டார்.

"ஐயா, இது திரவமா?"

"எது?"

"இது. கெட்டியா இருக்கு. நம்ம குழு திரவத்தைத் தேர்வு செய்யத்தான் போட்ட குழு. கட்டியைப் பத்தி நமக்கு எந்த அதிகாரமும் இல்ல."

மாக்சத் தோலெகெனோவிச் பனிக்கட்டியைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "ஆய்வின்போது காரில் திரவம் எதுவும் காணப்படவில்லை," என்றார், ஏற்கெனவே அதை எழுதிக்கொண்டிருப்பவரின் குரலில். "ஆகவே குழுவின் பணி நிறைவடைந்தது." குல்பார்ஷின் அம்மாளும் தூர்சினும் அவருக்குக் கை கொடுத்தார்கள். பனியில் நின்றபடி ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். ஓரெக்கே அவர்களோடு இல்லை. மாப்பிள்ளை வீட்டிலும் விருந்து உண்டு என்று தெரிந்து, அவர் முன்கூட்டியே வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

வேன் கதவருகே குன்சுலு நின்றாள்.

"அப்பா, என்னால உங்க வேலை போயிடுமா?"

"போகாதும்மா. அதை முடிவு பண்றதுக்கு அவங்க இன்னொரு குழு போடணும்."

அவள் சிரித்துவிட்டாள். மணப்பெண் அழ வேண்டிய நேரம் அது. ஒரு அத்தை அவள் இடுப்பில் கிள்ளினாள், இன்னொருத்தி முகத்துக்கு மேல் துணியை இழுத்துவிட்டாள். அந்தத் துணிக்குள்ளும் அவள் தோள்கள் குலுங்கின. பிறகு என் கோட்டில் முகத்தை வைத்தாள். கொட்டகைப் புகை நாற்றம் இன்னும் அதில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, எனக்கும் வந்தது.

வேன் கிளம்பியது. மேட்டைத் தாண்டி அது மறையும்வரை பிபிசாராவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னாலிருந்து, தாங்கள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டு யாரோ என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.